நீட்டிய சீட்டு

மேலப்பாளையத்திலிருந்து டவுனுக்குப் போகும் காலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அசன் முகம்மதின் வலது கை மட்டும் அவரோடு இல்லை. மடியில் கிடக்கும் சாப்பாட்டுப் பையின் மேல் அது தன்பாட்டுக்கு ஒரு சீட்டுக்கட்டை வெட்டிக்கொண்டிருக்கிறது. கட்டின் கீழ்ப்பாதி உள்ளங்கையில் விழ, ஆள்காட்டி விரல் அதை நெம்பி நிறுத்த, மேல்பாதி அதன் அடியில் நழுவி இறங்கும். ஒற்றைக் கை. பாலத்தில் பஸ் குலுங்கும்போதும் ஒரு சீட்டு கீழே விழாது. கண் ஆற்றைப் பார்த்தபடி இருக்கும்.

பக்கத்து இருக்கைக்காரர் புதியவராக இருந்தால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்பார்.

“பாய், நான் மனசுக்குள்ள ஒரு சீட்டை நெனைச்சுக்கிடுதேன். எதுன்னு சொல்லுவீரா?”

“அது கிடையாதுவே. இது சும்மா சிலம்பம். பாத்துக்கிடலாம், ஒண்ணும் கேக்கக் கூடாது.”

சீட்டுக் கலையை அவர் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார். நீங்கள் எடுத்த சீட்டைக் கண்டுபிடிப்பது, இருந்ததை இல்லாமல் ஆக்குவது எல்லாம் வித்தை. விசிறியாக விரிப்பது, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு அருவிபோல் இறைப்பது, விரலிடுக்கில் சுழற்றுவது எல்லாம் சிலம்பம். “வித்தைல கை செய்யுதது வெளிய தெரியக் கூடாது. சிலம்பத்துல கை செய்யுததுதான் வெளிய தெரியணும். ரெண்டும் ஒரே கட்டுதான். ஆனா ஒண்ணு பொய், ஒண்ணு உள்ளது” என்பார். போன ஆடி மாதம்வரை இரண்டையும் செய்துகொண்டிருந்தார். இப்போது வித்தை இல்லை. ஏன் என்று கேட்டால் கட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, “டவுன் வந்துட்டு, எறங்குங்க” என்பார். டவுன் வர இன்னும் நேரம் இருக்கும்.

வயது ஐம்பத்து மூன்று. ஒட்டிய கன்னம், மருதாணி போட்ட தாடி, எப்போதும் ஒரு பொத்தான் வேறு நிறத்தில் இருக்கும் வெள்ளைச் சட்டை. டவுன் ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடை. அதன் மாடியில் பட்டுப் பிரிவில் இருபது வருடமாக வேலை. வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் சம்மணமிட்டு உட்கார்ந்து சேலையை எடுத்து வீசுவார். அது காற்றில் முழுசாக விரிந்து, முந்தானை சரியாக வாடிக்கையாளரின் முழங்காலில் வந்து படியும். மெத்தைக்கு வெளியே நிற்கும் விற்பனைப் பெண்களுக்கு, உட்கார முக்காலி போட வேண்டும் என்று சட்டம் வந்து சில வருடங்கள் ஆகின்றன. முக்காலிகளும் வந்தன. அவற்றின் மேல் இப்போது அட்டைப்பெட்டிகள் உட்கார்ந்திருக்கின்றன.

சீட்டு அவரை மூன்று வயதுகளில் பிடித்தது.

முதல் தடவை பதினோரு வயதில். ஆற்றுக்கு அக்கரையில் பெரிய மனிதர்கள் சீட்டாடும் மன்றம் ஒன்று இருந்தது. ஒரு நாள் ஆடிய கட்டை மறுநாள் தொடமாட்டார்கள். ஓரம் மடங்கிய சீட்டில் கள்ளம் புகும் என்று பின்சுவருக்கு வெளியே கொட்டிவிடுவார்கள். அந்தக் குப்பையிலிருந்து பொறுக்கிச் சேர்த்ததுதான் அவருடைய முதல் கட்டு. அதில் ராஜாக்கள் ஆறு பேர் இருந்தார்கள், ராணி ஒருத்திகூட இல்லை. “கை அப்பம் சின்னது. சீட்டை மறைக்க முடியாது. அதனால வாயை வளத்தேன். பேச்சுல அவன் கண்ணை அங்கன இழுத்துட்டு இங்கன வேலையை முடிச்சிரணும்.” தறியில் உட்கார்ந்திருந்த வாப்பாவுக்குச் செய்தி போனது. காதைப் பிடித்துத் தெருவில் நிறுத்தி, ஆறு ராஜாக்களையும் அடுப்பில் போட்டார். ஒரு பைசா வைத்து ஆடியதில்லை என்று பையன் அழுதது யார் காதிலும் ஏறவில்லை. பத்தாம் வகுப்பு முடிகிறவரை தெருவில் அவன் பெயர் சூதாடிப் பய. வட்டிக்குக் கொடுத்தவர்கள் இருந்த தெருதான் அது. அவர்கள் காதை யாரும் பிடித்ததில்லை.

இரண்டாவது தடவை இருபத்தேழு வயதில், ஷார்ஜாவில் கட்டட வேலைக்காரர்களின் கொட்டடியில். மேல்கட்டிலில் படுத்திருந்த பிலிப்பைன்ஸ்காரன் ரோமெல், விடுமுறை நாளில் கம்பளியின்மேல் சீட்டை நாடாபோல் விரித்து, ஒரு முனையைச் சுண்டி, மொத்தத்தையும் அலையாகப் புரட்டினான். அசன் முகம்மது எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவனுக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு அவன் பேச்சு தெரியாது. “அம்பத்திரண்டு எழுத்து உள்ள ஒரு பாஷையிலதான் ரெண்டு வருசம் பேசிக்கிட்டோம்.” சிலம்பம் முழுக்க அங்கே படித்ததுதான். அப்போது கை சூடாக இருந்தது. எதைச் சொன்னாலும் செய்தது. ஊருக்குத் திரும்பி நிக்காஹ் முடிந்ததும், மனைவி நஃபீஸத் கட்டைப் பார்த்துவிட்டு, “இது இருக்க வீட்டுல மலக்கு நொழைவாங்களா?” என்று வானவர்களின் பெயரால் கேட்டாள். கட்டு பரணுக்குப் போனது.

மூன்றாவது தடவை ஐம்பத்தோரு வயதில். மகனின் கைபேசியில் ஏதோ ஒரு நாட்டுப் பையன்கள் சீட்டைப் பம்பரமாகச் சுழற்றுவதைப் பார்த்தார். “சவத்து மூதிய, என்னா கைலே இவனுவளுக்கு!” அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வழுவழுப்பான புதுக்கட்டு ஒன்று வாங்கி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சேலைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பழகினார். கணுக்கள் இறுகியிருந்தன. இருபத்தேழில் முழுசாக விரிந்த விசிறி ஐம்பத்தொன்றில் பல்லுப்போன சீப்பாக வந்தது. சீட்டுகள் கீழே சிந்தும், பொறுக்குவார், மறுபடியும் சிந்தும். விற்பனைப் பெண் முத்துராணி எட்டிப் பார்த்து, “பாய் அண்ணே, மொளகா வத்தல் காயப்போடுதீங்களா?” என்பாள்.

கை ஓயத் தொடங்கிய வயதில் அவருக்கு வேறு ஒன்று பிடிபட்டது. ஆள் பிடிபட்டது. விரித்த விசிறியிலிருந்து எந்தச் சீட்டை ஒருவர் எடுக்க வேண்டும் என்று இவர் நினைக்கிறாரோ, அதையே அவர் எடுக்கும்படி செய்வது. வித்தைக்காரர்கள் வருடக்கணக்கில் பழகும் இந்த வேலை அவருக்கு ஒரே மாதத்தில் வந்தது. காரணம் எளிது. இருபது வருடமாக அவர் சேலையில் செய்துகொண்டிருந்தது அதைத்தான். “தேங்குன சரக்கை மொதல்ல காட்டக் கூடாது. நாலு சேலையை விரிச்சுக் கண்ணைக் கலைச்சுட்டு, அவங்க கை நீட்டுத நேரத்துல இதைக் கைக்கு நேரே தள்ளணும். எனக்கு இதுதான் பிடிச்சிருக்குன்னு எடுப்பாங்க. நாம ஒண்ணுமே சொல்லியிருக்க மாட்டோம்.” சீட்டிலும் அப்படியே. சுண்டுவிரலுக்கு அடியில் அந்த ஒரு சீட்டைக் காவலில் வைத்திருப்பார். எதிரில் விரல் நீளும் நொடியில் அது மயிரிழை முன்னால் வந்து நிற்கும்.

கடைக்குள் அவர் பெயர் பரவியது. தேநீர் நேரத்தில் கூட்டம் கூடும். கூடியவர்கள் சிரித்தார்கள், கைதட்டினார்கள், பிறகு சிலர் கைதட்டுவதை விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அந்த மாற்றத்தை அவர் கவனித்தார். கவனித்தும் சிரித்துக்கொண்டார். அங்கேதான் சறுக்கல் தொடங்கியது.

போன ஆடியில் கடையில் ஒரு பட்டுச்சேலை காணாமல் போனது. ராதாபுரத்துக் கல்யாணப் பெண்ணுக்கு எடுத்து, ஓரம் தைக்க வைத்திருந்த தாமரை நிறச் சேலை. மேலாளர் ஐயம்பெருமாள் எல்லாப் பெண்களின் பையையும் கொட்டிப் பார்த்தார். ஆண்களின் பையைக் கேட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. போலீசுக்குப் போனால் கடைக்குக் கெட்ட பெயர். எங்கள் பக்கத்தில் களவு போனால் பொருளைத் தேடுவதைவிட ஆளைத் தேடுவதில்தான் அவசரம். வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பவர்களுக்கு இன்றைக்கும் பிழைப்பு நடக்கிறது. கையில் கைபேசியும் காதில் பாட்டுமாகத் திரிகிறவர்கள்தான் அந்த வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார்கள். மையில் தெரிகிற முகம் எப்போதாவது முதலாளியின் மைத்துனன் முகமாக இருந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. அது எப்போதும் தண்ணீர் சுமப்பவன், பாத்திரம் தேய்ப்பவள், கூட்டுகிறவள்.

கடைக்கு வழக்கமாக மை போடுகிறவர் ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போயிருந்தார். ஐயம்பெருமாள் யோசித்தார்.

“ஏன்வே, நம்ம பாய் இருக்காருல்லா? மனசுல உள்ளதையே சொல்லுதாரு. களவாணியச் சொல்லமாட்டாரா?”

“அண்ணாச்சி, அது சும்மா விளையாட்டு” என்றார் அசன் முகம்மது.

“தன்னடக்கத்தைப் பாத்தேரா!”

அந்த ஒரு வார்த்தையில் அவர் விழுந்தார். மறுத்திருக்க வேண்டியவர், மறுப்பதாகக் காட்டிக்கொண்டே ஒப்புக்கொண்டார். மனதுக்குள் ஒரு கணக்கும் போட்டார்: நாளைக் காலையில் இஸ்பேட் ஆஸ் வந்தவன்தான் திருடன் என்று சொல்லுவோம், எடுத்தவன் பயந்துபோய் அதற்குள் சேலையைக் கொண்டுவந்து போட்டுவிடுவான், ஆஸை யார் கைக்கும் போகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

காலையில் கடை திறந்து, சூடம் காட்டி முடித்ததும் எல்லோரும் மெத்தையைச் சுற்றி நின்றார்கள். ஐயம்பெருமாளே இஸ்பேட் ஆஸை எடுத்து எல்லோருக்கும் காட்டி, கட்டுக்குள் செருகினார். அசன் முகம்மது கலைத்தார். ஆஸைச் சுண்டுவிரலுக்கு அடியில் பத்திரப்படுத்தினார். அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே யாருக்கும் கொடுக்காமல் இருக்கலாம். பிறகு விசிறியை விரித்து ஒவ்வொருவர் முன்னாலும் நீட்டிக்கொண்டு போனார். நடுவில் இருக்கும் எதையும் தொட ஒருவருக்கும் தைரியம் வரவில்லை, ஓரத்திலிருந்து உருவினார்கள். ஐயம்பெருமாள் தன் பங்குக்கு அடியிலிருந்து ஒன்றை இழுத்தார். ஆஸ் யாருக்கும் வரவில்லை. அசன் முகம்மதுக்கு மூச்சு வந்தது.

“எல்லாரும் எடுத்தாச்சா?”

“பேச்சித்தாய் எடுக்கலயே” என்றது ஒரு குரல்.

பேச்சித்தாய் கூட்டிப் பெருக்குகிறவள். கடை திறப்பதற்கு முன் பின்வாசல் வழியாக வந்து, வாடிக்கையாளர் வருவதற்கு முன் அதே வழியாகப் போகிறவள். பின்படியில் துடைப்பான் அலசிக்கொண்டிருந்தாள். ஆஸைப் பற்றிய பேச்சு எதுவும் அவள் காதில் விழவில்லை. கூப்பிட்டதும் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். மெத்தையில் கால் படாமல் தள்ளி நின்று எட்டிக் கையை நீட்டினாள். அவள் விரல் நீண்டது, இவர் சுண்டுவிரல் அசைந்தது. இரண்டு வருடம் பழகிய கை, யார் என்ன என்று கேட்கவில்லை. காவலில் இருந்த சீட்டு மயிரிழை முன்னால் வந்தது. அவள் எடுத்துக்கொண்டாள்.

வாழ்க்கையில் அதற்கு முன் அவள் சீட்டைத் தொட்டதில்லை. ஒற்றைக் கறுப்பு இலை போட்டிருந்த அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லோரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு, ஏதோ பரிசு விழுந்ததுபோல வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

“இது நல்ல சீட்டா, பாய்?”

அவள் கைக்கு அது எப்படி வந்தது என்று தெரிந்த ஒரே மனிதர் கட்டைச் சேர்த்து மூடினார்.

அவளைத் திருடி என்று ஒருவரும் சொல்லவில்லை. நாளைக்கு வராதே என்றுகூடச் சொல்லவில்லை. மறுநாள் அவள் வந்தபோது பின்வாசலில் வேறொருத்தி கூட்டிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். சாயங்காலங்களில் அவள் பெருக்கி வந்த மருத்துவமனைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் செய்தி அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. யாரும் கையை ஓங்கவில்லை, யாரும் சத்தம் போடவில்லை. இவ்வளவு சுத்தமாக ஒரு பெண்ணின் சோற்றைத் தட்டிவிட இந்தச் சமூகத்துக்குத்தான் தெரியும்.

அந்த வாரங்களில் அசன் முகம்மதின் நடை மாறியது. மறைத்து எழுதுவதில் பயனில்லை. தேநீர்க்கடைக்காரர் அவருக்கு மட்டும் பழைய பாலை விட்டுப் புதுப் பாலாக மாற்றிப் போட்டார். முத்துராணி மிளகாய் வற்றலை மறந்து, “அண்ணே, எங்க அக்காளுக்குப் பாத்திருக்க மாப்பிள்ளை நல்லவனான்னு ஒரு சீட்டு எடுத்துச் சொல்லுங்களேன்” என்று பணிந்து நின்றாள். ஐயம்பெருமாள், வாடிக்கையாளர்களிடமே, “இவரு சாதாரண ஆளு கிடையாது” என்றார். சூதாடிப் பய என்று தொடங்கிய வாழ்க்கையில் முதல் முறையாகச் சீட்டு அவருக்கு மரியாதை கொடுத்தது. அது எதை விழுங்கிவிட்டு வந்த மரியாதை என்று தெரிந்துகொண்டே அத்தர் பூசிக்கொண்டு வேலைக்கு வந்தார். தவறு கையுடையது என்று அவர் தனக்குள் சொல்லிப் பார்த்ததுண்டு. பால் மாற்றிப் போட்ட தேநீரைக் குடித்தது கை இல்லை.

பிறகு ஒரு நாள் திசையன்விளையிலிருந்து ஒரு அம்மாள் சேலையோடு வந்தார். நெரிசலில் அவருடைய பையில் இன்னொருவர் சேலையையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கட்டிக்கொடுத்தவர் வேறு யாருமில்லை, ஐயம்பெருமாள்தான். “நான் பாத்து உடனே கொண்டாந்திருக்கணும், மழையும் சோலியுமாப் போச்சு” என்று அந்த அம்மாள் மன்னிப்புக் கேட்டார். தாமரை நிறம் மெத்தையின்மேல் பளபளவென்று கிடந்தது.

“அப்பம் பேச்சித்தாய் எடுக்கலயே, அண்ணாச்சி” என்றார் அசன் முகம்மது.

ஐயம்பெருமாள் சேலையை மடித்துக்கொண்டே சொன்னார்: “இதை எடுக்கல. ஆனா சீட்டு சும்மா காட்டுமா? வேற என்னத்தையோ கொண்டுபோயிருக்கா. நல்ல வேளை, நிப்பாட்டியாச்சு.”

பொருள் கிடைத்துவிட்டது, திருடி திருடியாகவே இருந்தாள். நம்பிக்கை என்று நாம் மரியாதையாகக் கூப்பிடுகிற பூதத்தின் இயல்பு இது. அதற்குச் சாட்சி வேண்டாம். எதிரான சாட்சி கண் முன்னால் வந்து விழுந்தாலும் மடித்து அலமாரியில் வைத்துவிடும்.

அன்றைக்கு வீட்டில் எல்லாவற்றையும் நஃபீஸத்திடம் சொன்னார். இத்தனை வருடமும் சீட்டை ஹராம் என்று திட்டியவள், அன்று திட்டவில்லை. கேட்டு முடித்துவிட்டு, “நீங்க சூதாடியிருந்தாக்கூட உங்களோடதுதான் போயிருக்கும்” என்றாள். அதற்குப் பிறகு அவர் சாப்பிட உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

இருந்தும் வாயைத் திறக்க அவருக்குப் பல நாள் ஆனது. ஒரு காலை, சூடம் காட்டி முடிந்ததும், அவரே மெத்தையில் ஏறி நின்றார். “எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க. இதுல மந்திரமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நான் எந்தச் சீட்டை நீட்டுதேனோ அதைத்தான் நீங்க எடுப்பீங்க. பேச்சித்தாய்க்கு ஆஸைக் கொடுத்தது நான்.” சுண்டுவிரலைக் காட்டினார், காவலைக் காட்டினார், தள்ளுவதை மெதுவாகச் செய்து காட்டினார்.

முத்துராணி பக்கத்திலிருந்தவளிடம், “பாவம், அண்ணனுக்கு மனசு எளகிட்டு. அவளுக்காகப் பழிய ஏத்துக்கிடுதாரு” என்றாள்.

பொய்யாகச் செய்ததை நம்பியவர்கள், உண்மையாகச் சொன்னதை நம்பவில்லை. அவர் விசிறியை விரித்து ஐயம்பெருமாளின் முன்னால் நீட்டினார். “எடுங்க, அண்ணாச்சி.” அன்றைக்கு அடியிலிருந்து இழுத்த ஐயம்பெருமாள், இன்றைக்குப் பயமில்லாததால் சாதாரணமாக எடுத்தார். இஸ்பேட் ஆஸ். கலைத்து மறுபடி நீட்டினார். இஸ்பேட் ஆஸ். சரக்கறையிலிருந்து எட்டிப் பார்த்த கடைப்பையன் பெருமாள்ராஜ், “அண்ணாச்சி, எடுத்ததை எங்கன ஒளிச்சு வச்சிருக்கேரு? சொல்லிப் போடும்!” என்று சிரித்துவிட்டான். வேறு யாரும் சிரிக்கவில்லை. மேலாளரின் காது சிவந்தது.

“பாய், இந்தக் கூத்தெல்லாம் கடைக்கு வெளியே வச்சுக்கிடும்.”

“சரி, அண்ணாச்சி. பேச்சித்தாயைத் திரும்பக் கூப்பிடுவோம்.”

“கூப்பிட்டா நாம தப்பு பண்ணிட்டோம்னு ஆயிருமேவே” என்றார் ஐயம்பெருமாள், ஒரு கூறுகெட்டவனுக்கு விளக்குகிற பொறுமையோடு. மறுநாளிலிருந்து அசன் முகம்மதுக்குக் கீழ்த்தளத்தில் துண்டு, லுங்கிச் சாரம் விற்கிற இடம். இருபது வருடம் பட்டுச்சேலை வீசிய கை இப்போது துண்டை அடுக்குகிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, குறுக்குத்துறை போகும் வழியில் இருக்கும் அவளுடைய தெருவைக் கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தார். பேச்சித்தாய் வாசலில் உட்கார்ந்து, ஏதோ உணவுக்கடைக்காகச் சின்ன உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். இவரைக் கண்டதும் எழுந்திருக்கப்போய், பிறகு நினைத்துக்கொண்டு எழாமல் இருந்தாள்.

அவர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை.

“இதை எதுக்கு எங்கிட்டச் சொல்லுதீங்க, பாய்? நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியாதா?”

அவர் தெருவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

“கடைல எல்லாரும் பாக்கத்தான நீட்டுனீங்க? இங்கன வந்து ரகசியம் பேசுதீங்க.” அவள் குழாயடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “ஏளா சுடலைவடிவு! எல்லாரையும் கூட்டிட்டு வா. பாய் ஒண்ணு சொல்லணுமாம்.”

குடத்தைப் போட்டுவிட்டுப் பெண்கள் வந்தார்கள். கயிற்றுக்கட்டிலில் கிடந்த ஆண்களும் வந்தார்கள். அவர் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். கடையில் சொன்னதைவிட இங்கே நாக்கு அதிகமாகக் குழறியது.

“அப்பம் மந்திரம் கிடையாதா?” என்றாள் சுடலைவடிவு.

“கிடையாது.”

“பொறவு அத்தனை பேருல இவ கைல மட்டும் எப்படி வந்துச்சு?”

“மத்தவங்க நான் நீட்டுனதை விட்டுட்டு வேறே எடுத்தாங்க. இது… நான் நீட்டுனதை எடுத்துட்டு.”

பேச்சித்தாய் கத்தியைக் கீழே வைத்தாள்.

“நீட்டுனா எடுக்காம? உங்க கடைல நீட்டுனதை என்னைக்கு நான் வேண்டாம்னு சொல்லியிருக்கேன்? மிஞ்சுன சோத்தை நீட்டுனீங்க, எடுத்தேன். சாயம் போன சேலைய நீட்டுனீங்க, எடுத்தேன். வேறே ஒண்ணை எடுக்கலாம்னு எனக்கு யாரு சொன்னா?”

அவள் அவருடைய சட்டைப்பையைப் பார்த்தாள்.

“வச்சிருக்கீங்களா அதை?”

அவர் சட்டைப்பையிலிருந்து கட்டை எடுத்தார். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். விரிக்கத் தெரியவில்லை, பாதி மண்ணில் சிந்தியது. அவர் குனியப்போனார். “நில்லுங்க” என்றாள். ஒவ்வொன்றாகத் தானே பொறுக்கி, மண்ணைத் தட்டி, இரண்டு கையாலும் கோணல்மாணலாக ஒரு விசிறி பிடித்து, அவர் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள்.

“இப்பம் நீங்க எடுங்க. இவங்க எல்லாரும் பாக்கட்டும்.”

எந்தச் சீட்டு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. சுற்றி நின்ற அத்தனை கண்ணும் தன் விரல் நுனியில் வந்து குவிந்திருப்பதை உணர்ந்தார். ஓரத்தில் ஒன்று இருந்தது, அடியில் ஒன்று இருந்தது, நடுவில் எத்தனையோ இருந்தன. கை, அவள் பெருவிரலுக்கு அருகில் முன்னால் துருத்திக்கொண்டிருந்த ஒன்றைப் பிடித்து இழுத்தது.

அதை அவர் திருப்பிப் பார்க்கவில்லை. அதன் முகம் தெருவைப் பார்க்கும்படி நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் தரையில் ஊன்றியபடி நின்றார்.